பணக்காரர் விளையாட்டா?

இயற்கையோடு இயைந்த கட்டடக்கலை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, ஏழை ஊருக்குக் கான்கிரீட் பெட்டியே போதும் என்ற வாதம் பர்கினா பாசோவின் காண்டோ கிராமத்தில் நொறுங்குகிறது. கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரே தம் சொந்த ஊரான அங்கே 2001இல் கட்டி முடித்த தொடக்கப் பள்ளிக்கு அந்த ஊர்க் களிமண்தான் மூலப்பொருள். அதில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, சுடாத கற்களாக அழுத்தி எடுத்தவர்கள் ஊரார். தகரக் கூரை விதானத்தைத் தொடாமல் உயரத்தில் நிற்கிறது. அறையின் சூடான காற்று விதானத் துளைகள் வழியே ஏறி அந்த இடைவெளியில் வெளியேறிவிடுகிறது. குளிர்சாதனம் கிடையாது. வகுப்பறையை அடுப்பாக்கும் கான்கிரீட் பெட்டியை மலிவு என்பவர்கள், பிள்ளைகளின் வேர்வையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மண் மழையில் கரையுமே என்பார்கள். கரையும்தான், அதனால்தான் கூரை சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருக்கிறது. இரும்பும் தகரமும் இயற்கையா என்ற கேள்வி வெறும் குதர்க்கம். கூரையைத் தாங்கும் இரும்பு, கிரேன் இல்லாமலே தூக்கி வைக்கும்படி சாதாரணக் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சட்டங்கள்தான். நன்கொடை ஜெர்மனியில் திரட்டப்பட்டது என்ற ஆட்சேபம் மட்டும் கனமானது. ஆனால் கான்கிரீட் பள்ளிக்கும் யாரோ பணம் தந்தாக வேண்டும். அதில் கணிசமான பங்கு சிமெண்ட்டுக்குப் போகும், ஊரார் கையில் தொழில் எதுவும் தங்காது.