மீட்க வரும் ஹெலிகொப்டர்களுக்கே முதலில் பணம்

விமானப்படையிடம் ஏற்கெனவே இருக்கும் வான்கலங்களைத் தரமுயர்த்த ஒதுக்கப்படும் பணம் முதலில் பெல் 212, மி-17 ஹெலிகொப்டர்களுக்குப் போக வேண்டும். தாக்குதல் ஜெட் விமானங்கள் அதற்குப் பிறகுதான். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழும் மக்களின் அமைப்பு என்ற வகையில் இதுவே எங்கள் நிலைப்பாடு.

2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் புதையுண்டனர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்தில் லயன் அறைகள் மண்ணுக்குள் போயின. அரநாயக்கவை நாடு நினைவில் வைத்திருக்கிறது. களுபஹன என்றால் எங்கே என்று கேட்பவர்களே அதிகம். மறு ஆண்டு மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது கேகாலை மலைகள் மீண்டும் சரிந்தன.

எட்டியாந்தோட்டை, தெரணியகல, இறக்குவானைப் பக்கத் தோட்டங்கள் பலவற்றுக்குக் கொழுந்து லொறி ஏறும் பாதை ஒன்றுதான். அது சரிந்துவிட்டால் உதவி வானத்திலிருந்துதான் வர வேண்டும். தேயிலை மலையில் பாடசாலை மைதானமாவது இருக்கும். இறப்பர் மலையில் இறங்க மட்டமான இடமே கிடையாது. மர உச்சிகளுக்கு மேலே அசையாமல் நின்று, வின்ச் கம்பியை இறக்கி, பிள்ளையையும் வயதானவரையும் ஒவ்வொருவராகத் தூக்க வேண்டும். மேகம் மலையில் படிந்து மழை கொட்டும் நேரத்தில் செய்யப்படும் வேலை இது. எஞ்சின், கியர்பொக்ஸ், வின்ச் மூன்றில் எது தளர்ந்தாலும் கீழே நிற்பவருக்கும் மேலே இருப்பவருக்கும் உயிராபத்து. 2017 வெள்ளத்தில் காலி, நெலுவ பகுதியில் மீட்புப் பணியில் இருந்த விமானப்படை வீரர் ஒருவர் ஹெலிகொப்டரிலிருந்து விழுந்து உயிரிழந்தார்.

2025 மே மாதம் மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் ஒரு பெல் 212 விழுந்து படையினர் ஆறு பேர் மாண்டனர். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, டித்வா நிவாரணத்தில் ஈடுபட்டிருந்த இன்னொரு பெல் 212 லுணுவிலவில் விழுந்தது. விமானி நிர்மல் சியம்பலாபிட்டிய உயிரிழந்தார். எங்களைப் போன்றவர்களுக்காகப் பறந்தவர் அவர். விபத்துகளுக்கு ஹெலிகொப்டரின் வயதுதான் காரணம் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பெல் நிறுவனம் இந்த வகையைத் தயாரிப்பதை 1998இலேயே நிறுத்திவிட்டது. அத்தகைய ஹெலிகொப்டர்களைப் புயலுக்குள் அனுப்பும் அரசு, அவற்றின் பராமரிப்பில் ஒரு சதமும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஐந்து கிபிர் ஜெட்களைத் தரமுயர்த்த இஸ்ரேல் நிறுவனத்துடன் சுமார் 5 கோடி டொலர் ஒப்பந்தம் செய்யப்பட்டது 2021இல். போர் முடிந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள். அடுத்த ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. ஆகவே குறை பணத்தில் மட்டும் இல்லை, எது முதலில் என்ற தெரிவில் இருக்கிறது.

ஹெலிகொப்டரை விட வேகமான புதுவகை வான்கலம் தேவை என்ற பேச்சு எழுந்தால் அதையும் நாங்கள் ஏற்கமாட்டோம். சுழலிகளைச் சாய்த்து விமானம்போலப் பறக்கும் அமெரிக்காவின் ஒஸ்ப்ரே, 2015 நேபாள நிலநடுக்க நிவாரணத்துக்கு வந்தது. அதன் கீழ்க்காற்றில் வீட்டுக் கூரைகள் சேதமானதாக அங்கிருந்தே முறைப்பாடு வந்தது. கல் ஏற்றி வைத்த தகரக் கூரையின் கீழ் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2023 நவம்பரில் ஜப்பானின் யாகுஷிமா அருகே ஓர் ஒஸ்ப்ரே விழுந்து எட்டுப் பேர் இறந்த பின், சேவையில் இருக்கும் ஒஸ்ப்ரேகளின் கியர்பொக்ஸை மாற்ற அமெரிக்காவே பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு வசதி படைத்த நாடே உள்ளதைத் திருத்தத்தான் செலவழிக்கிறது.

2014 முதல் நமது மி-17கள் மத்திய ஆபிரிக்கக் குடியரசில் ஐ.நா. பணியில் பறக்கின்றன. அங்கே எந்தத் தரத்தில் வைத்திருக்கிறோமோ, இரத்தினபுரிக்கு வருவதும் அதே தரத்தில் இருக்க வேண்டும்.

லயன்களில் இருப்போருக்குச் சரிவு அபாயமற்ற காணியும் வீடும் தருவதே முதல் கடமை. ஹெலிகொப்டர் அதற்கு ஈடாகாது. அந்தக் காணி கைக்கு வரும்வரை மழைக்காலங்கள் காத்திருக்காது என்பதால்தான் இதைக் கேட்கிறோம்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் மீட்பு ஹெலிகொப்டர்களின் முழுப் பழுதுபார்ப்புக்கும் வின்ச் கருவிகளுக்கும் தனித் தலைப்பில் நிதி ஒதுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பருவமழைக்கும் முன்பு எத்தனை ஹெலிகொப்டர்கள் பறக்கும் நிலையில் உள்ளன என்பதைப் பாதுகாப்பு அமைச்சு பாராளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் தோட்ட நிர்வாகங்களோடு சேர்ந்து, ஒவ்வொரு டிவிஷனிலும் இறங்கக்கூடிய இடத்தையும், இறங்க முடியாத இடத்தில் வின்ச் இறக்கும் இடத்தையும் வரைபடத்தில் குறித்து, அந்த அறிவித்தலைத் தமிழிலும் லயன்களுக்கு எட்டச் செய்ய வேண்டும். இம்மூன்றையும் சபையில் எழுப்புமாறு இரு மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்களையும், கட்சி வேறுபாடின்றி, கேட்டுக்கொள்கிறோம்.