தடவிப் பார்க்கும் கை

கண்டி தலதா மாளிகை வாசலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. தாமரைப் பூத்தட்டை ஒரு கையில் ஏந்தி மறு கையை அகற்றி நிற்கும் பாட்டியின் இடுப்பைப் பெண் பொலிஸ்காரர் தடவிப் பார்க்கிறார். பாட்டி முகம் சுளிப்பதில்லை.

காரணம் உண்டு. 1998 ஜனவரி 25 அன்று புலிகளின் குண்டு லொறி அந்த வாசலில்தான் வெடித்தது. இளவரசர் சார்ள்ஸ் வரவிருந்த 50ஆவது சுதந்திர விழாவே கண்டியை விட்டுக் கொழும்புக்குப் போனது. இங்கே சோதனை எல்லோருக்கும் ஒன்று. அதனால் மனம் வலிப்பதில்லை.

தெருவில் ஒருவரை மட்டும் மறிப்பது வேறு கதை.

2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ போதைப்பொருள் வேட்டையில், பொது இடத்தில் ஆடை களைந்து சோதித்ததாகக்கூடப் புகார் எழுந்தது. ஐ.நா. நிபுணர்கள் அடுத்த மாதமே அந்த வேட்டையை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். பொலிஸாரின் பயமும் பொய்யல்ல, இடுப்பில் கத்தி இருக்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல் டெரி வழக்கில் அதற்கு இடம் கொடுத்தது: ஆயுதம் இருப்பதாக நியாயமான சந்தேகம் வேண்டும், அதுவும் உடைக்கு மேலாகத் தடவிப் பார்க்கலாம், அவ்வளவுதான். பேராதனை வீதியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்படும் பொடியனிடம் அந்தச் சந்தேகம் என்னவென்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கையை வைத்தால், பொலிஸ்காரருக்கு ஆபத்து ஒன்றும் கூடிவிடாது.