சூட்கேஸும் வேணாம், கணக்கு நோட்டும் வேணாம்!

முன்னெச்சரிக்கை: இது சீட்டாட்டப் பதிவு. "ச்சீ... சூதாட்டமா?" என்று மூக்கைப் பொத்துகிறவர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு பத்தி இருக்கிறது. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க மக்களே :-)

போன சனிக்கிழமை ராத்திரி, பெரம்பலூர், நம்ம வீட்டு மொட்டை மாடி. மாசத்துல ஒரு சனிக்கிழமை ஆறு பேர் கூடி பதிமூணு சீட்டு ரம்மி ஆடுறது எங்க வழக்கம். என்னையும் சேர்த்து நாலு பேர் உள்ளூர், ரெண்டு பேர் அரியலூர். ஜமக்காளம் விரிச்சாச்சு, சுண்டல் வந்தாச்சு. கூட்டத்துக்குப் புதுசா வந்து சேர்ந்த நண்பர் மட்டும் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வர்றார். கையில் அலுமினிய சூட்கேஸ். பூட்டு ரெண்டையும் டொக் டொக்குன்னு திறந்தா, உள்ளே வரிசை வரிசையா 500 போக்கர் சில்லு. (சிப்ஸ்னு எழுதினா எனக்கு நேந்திரங்கா ஞாபகம் வருது. அதனால இங்கே சில்லுதான்.)

"சும்மா அதிருதுல்ல" என்கிற மாதிரி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். அங்க ஆரம்பிச்ச சண்டை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓயலை. ஆட்டம் நடந்தது என்னவோ மூணே கை.

ஒரு கட்சி: "மாப்ள, வீட்டுல ஆடினாலும் கேசினோ மாதிரி ஆடணும். இந்த செட்டே இருக்கட்டும்."
எதிர்க்கட்சி: "சில்லு கில்லு வந்தா சூதாட்ட கிளப் ஆயிரும். மரியாதையா நோட்டுல எழுதிக்கிட்டு காலையில போன்ல அனுப்பிக்கலாம். நாம குடும்பஸ்தனுங்கப்பா."

நான் ரெண்டு கட்சியிலும் இல்லை. ரெண்டு பேரையும் திட்டத்தான் இந்தப் பதிவு.

முதல்ல நோட்டுக் கட்சி. ஏன்னா அவங்கதான் நல்லவங்க மாதிரி பேசுறாங்க, அதனால ஆபத்தும் அவங்களாலதான் அதிகம்.

பெரம்பலூரையும் அரியலூரையும் பத்தி ஒரு பழைய தமாஷ் உண்டு. திருச்சியிலேர்ந்து 1995-ல பெரம்பலூர் மாவட்டத்தைப் பிரிச்சாங்க. 2001-ல அதிலேர்ந்து அரியலூரைப் பிரிச்சாங்க. 2002-ல திரும்பச் சேர்த்தாங்க. 2007 நவம்பர்ல மறுபடி பிரிச்சாங்க. இத்தனை கூத்துலயும் எங்க சீட்டுக் கச்சேரி மட்டும் பிரியலை. இந்தப் பக்கம் மூணு பேர், அந்தப் பக்கம் மூணு பேர். ஒரு மாசம் இங்க, ஒரு மாசம் அங்க. அரசாங்கம் ரெண்டு தடவை பிரிச்சும் பிரியாத கூட்டத்தை ஒரு நாப்பது பக்க நோட்டு பிரிச்சுது.

2018 வரைக்கும் சில்லறைக் காசு வெச்சுத்தான் ஆடினோம். பாயிண்டுக்கு 25 காசு. முதல் ஸ்கூட் 20 பாயிண்ட், அஞ்சு ரூபாய். மிடில் ஸ்கூட் 40 பாயிண்ட், பத்து ரூபாய். ஃபுல் கவுண்ட் 80 பாயிண்ட், இருபது ரூபாய். பையில காசு தீர்ந்தா சீட்டைக் கவுத்து வெச்சுட்டு அடுத்தவன் கையை வேடிக்கை பார்க்கணும். அவ்ளோதான் விதி. யாரும் எழுதி வைக்கலை, ஆனா எல்லாரும் மதிச்சோம்.

அப்புறம் சில்லறை கிடைக்கலை. பத்து ரூபாய்க் காசு செல்லாதுன்னு ஊரெல்லாம் வதந்தி. ரிசர்வ் வங்கி செல்லும் செல்லும்னு கத்தினாலும் டீக்கடையில வாங்க மாட்டேன்னாங்க. "சரி, நோட்டுல எழுதிக்கலாம்"னு ஒரு மகராசன் சொன்னான். அந்த மகராசன் நான்தான்.

நோட்டு வந்த மூணாவது மாசம் பாயிண்டு 25 காசிலேர்ந்து ஒரு ரூபாய் ஆச்சு. இன்னும் ரெண்டு மாசத்துல ரெண்டு ரூபாய். எழுதுறதுதானே, கையிலேர்ந்தா போவுது? ஃபுல் கவுண்ட் இப்போ 160 ரூபாய். அரியலூர் நண்பன் ஒருத்தனுக்கு அந்த வருஷம் கையே வரலை. ஜோக்கர் அவன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. எட்டு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி நான் சாவகாசமா கூட்டிப் பார்த்தேன். 11,400 ரூபாய். சிமெண்டு லாரிக்கு லோடு கணக்கு எழுதிச் சம்பாதிக்கிற ஆளுக்கு அது என்ன தொகைன்னு நான் சொல்லணுமா? அதுல 3,200 எனக்கு வரவேண்டியது. "விடுடா, வேணாம்"னு சொன்னேன். அதுதான் நான் பண்ணின பெரிய தப்பு. கடனா இருந்தா மெதுவா கட்டியிருப்பான். பிச்சைன்னு நெனச்சுட்டான். அடுத்த மாசம் வரலை. அப்புறம் கொரோனா.

லாக்டவுன்ல விட்டதைப் பிடிக்கப் போன்ல ரம்மி ஆடினான்னு கேள்விப்பட்டேன். எவ்வளவு போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை.

இப்ப நல்லா யோசிங்க. எங்க நோட்டுக்கும் அந்தப் போனுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் பணம் வெறும் எண்ணு. ரெண்டுலயும் "போதும், தீர்ந்துடுச்சு"ன்னு சொல்ல எதுவும் கிடையாது. போன்ல போய்ச் சீரழிஞ்ச உயிர்களைப் பார்த்துத்தான் நம்ம மாநிலத்துல 2020 நவம்பர்ல அவசரச் சட்டம், 2021-ல சட்டம் கொண்டு வந்தாங்க. அந்த ஆகஸ்டுலயே உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. 2022-ல நீதிபதி சந்துரு குழு, மறுபடி அவசரச் சட்டம். 2023-ல மறுபடி சட்டம். அந்த நவம்பர்ல ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டு இல்லைன்னு அதே நீதிமன்றம் அவை ரெண்டையும் பட்டியல்லேர்ந்து எடுத்துடுச்சு. கடைசியில 2025 ஆகஸ்டுல நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் அத்தனையும் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. அஞ்சு வருஷம் அவ்ளோ பெரிய அரசாங்கங்கள் மல்லுக்கட்டினது எதுக்கு? ஒரு வேலி போடத்தான். அந்த வேலியை வீட்டு ஆட்டத்துக்கு நாமளே போட்டுக்கலாம். அதுக்குத்தான் சில்லு.

"அட, கேசினோவுல சில்லு குடுக்கிறதே பணம்கிற நெனப்பு மறந்து போகத்தானே?"ன்னு நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்வி. நானும் ஒத்துக்கிறேன். ஆனா கேசினோவுல சில்லு தீராது. கவுண்டருக்குப் போனா இன்னும் குடுப்பான், விடிய விடிய குடுப்பான். வீட்டுல ஒரே ஒரு பெட்டி. உட்காரும்போதே பணத்தைக் கட்டிட்டு வாங்கணும். பெட்டி காலியானா ஆட்டம் காலி. சில்லுல கடன் சொல்ல முடியாது, ஏன்னா இல்லாத சில்லை எடுத்து நடுவுல போட முடியாது. நோட்டுல இல்லாத பணத்தை எழுத முடியும். வித்தியாசம் அம்புட்டுத்தான்.

ஆக, செட்டு வாங்கும்போது பார்க்க வேண்டியது அழகு இல்லை, அளவு. இப்போ சூட்கேஸ் கட்சிக்கு வர்றேன்.

ஒண்ணு, 500 எதுக்கு? ஆறு பேர், பாயிண்டுக்கு 25 காசு, ஆளுக்கு 200 ரூபாய்னு வையுங்க. ஒரு ரூபாய் சில்லு 20, அஞ்சு ரூபாய் சில்லு 16, இருபது ரூபாய் சில்லு 5. கூட்டிக்கோங்க: 20 + 80 + 100 = 200. ஆளுக்கு 41 சில்லு, ஆறு பேருக்கு 246. தோத்தவங்க ஒரே ஒரு தடவை இன்னும் 100 ரூபாய்க்கு வாங்கலாம்னு வெச்சா அஞ்சு இருபது ரூபாய் சில்லு. ஆறு பேரும் வாங்கினாலும் 30தான். மொத்தம் 276. முன்னூறு செட்டே தாராளம். அதுலயும் மிச்ச 24-ஐ எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டுங்க. மேசையில மிச்சச் சில்லு கண்ணுல பட்டா, "இன்னொரு நூறு குடு மாப்ள" என்கிற குரல் தானா வரும்.

ரெண்டு, அந்த 25. கடையில விக்கிற செட்டுல பாதி 25, 100, 500, 1000னு அச்சடிச்சு வருது. அமெரிக்காவுல கால் டாலர் காசு இருக்கு, அவனுக்கு 25 கைப்பழக்கம். நம்ம கிட்ட 25 ரூபாய் நோட்டும் இல்லை, காசும் இல்லை. 25 பைசாவைக்கூட 2011-லயே செல்லாதுன்னு சொல்லியாச்சு. நமக்கு 1, 5, 20தான் கணக்கு. ஸ்கூட்டுக்கு ஒரு அஞ்சு, ஃபுல்லுக்கு ஒரு இருபது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு இருபத்தஞ்சை அஞ்சால வகுத்துக்கிட்டு உட்கார முடியாதுங்க.

மூணு, எண்ணே அச்சடிக்காத சில்லு வாங்குங்க. நிறம் போதும். வெள்ளை ஒண்ணு, சிவப்பு அஞ்சு, பச்சை இருபது. "1000"னு போட்ட சில்லை ஒரு ரூபாய்க்கு வெச்சு ஆடினா, ஆயிரம் ஜெயிச்சவன் மாதிரி ஒருத்தன் மீசையை முறுக்குவான். இன்னொருத்தன் "நெஜமாவே நூறுக்கு ஆடுவோமா?" என்பான். ஆசை அந்த அச்சுலதான் ஆரம்பிக்குது.

நாலு, எடை. 11.5 கிராம், 14 கிராம்னு கூவிக் கூவி விக்கிறாங்க. "கேசினோ எடை"ன்னு வேற போட்டிருப்பாங்க. நெஜ கேசினோ சில்லு பெரும்பாலும் பத்து கிராமை ஒட்டித்தான் இருக்கும். மிச்ச எடை உள்ளே வெச்ச இரும்புத் தகடு. அந்த 500 செட்டு, 11.5 கிராம் கணக்குல, 5.75 கிலோ. நம்ம செட்டிகுளம் சின்ன வெங்காயத்தை அந்த எடைக்கு வாங்கினா ஒரு மாசச் சாம்பாருக்கு ஆகும்.

"அப்ப புளியங்கொட்டை போதாதா?"ன்னு கேக்குறவங்களுக்கு... ஆடிப் பார்த்தாச்சு சாமி. 2022-ல திரும்பக் கூடினப்போ அதுதான் வெச்சோம். ஆரம்பத்துல எண்ணிக் குடுத்தது 240. ராத்திரி முடிஞ்சு எண்ணினா 271! ரிசர்வ் வங்கிக்குக்கூட இப்படி நடந்திருக்காது. ஆடினவர்ல ஒருத்தர் என் சித்தப்பா. அவர் வீட்டுக் கொல்லையில புளியமரம். இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லலை. அரியலூர் நண்பர் "எங்க ஊர்ல கல்லுல ஊறிப்போன நத்தை கெடைக்கும், அதை வெச்சுக்கலாம்"னார். டைனோசர் காலத்து நத்தையை மிடில் ஸ்கூட்டுக்குப் போடச் சொல்றீங்களே, அடுக்குமா? அது வாரணவாசி அருங்காட்சியகத்துல இருக்கட்டும்ணே.

நெஜக் காசு கிடைச்சா அதுவும் நல்லதுதான். ஒண்ணு, அஞ்சு, 2020-ல வந்த இருபது ரூபாய்க் காசு. சில்லுக்கு நான் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். கிடைக்கிறதுதான் கஷ்டம்.

அடுத்து அந்த "கிளப் ஆயிரும்" பூச்சாண்டி. நம்ம ஊருக்கு இருக்கிறது 1930-ஆம் வருஷத்து சூதாட்டச் சட்டம். சூதாட்ட விடுதின்னா என்னன்னு அது சொல்றப்போ முக்கியமா பார்க்கிறது, இடம் குடுக்கிறவன் அதுல லாபம் பார்க்கிறானா என்பதை. திறமையை மட்டும் நம்பின ஆட்டத்துக்கு 11-வது பிரிவுல விலக்கு இருக்கு. 1967-ல செகந்திராபாத் கிளப் வழக்குல உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூணு சீட்டு அப்படி இல்லைன்னு சொன்னதோட, பணயம் வெச்சு ஆடுற ஆட்டத்துல வீட்டுக்காரன் லாபம் பார்த்தா குற்றம்னும் சொல்லுச்சு. ஆக, கிளப் ஆக்குறது சில்லு இல்லை. "டீ செலவுக்கு"ன்னு ஒவ்வொரு கையிலும் பத்து ரூபாய் எடுக்கிறான் பாருங்க வீட்டுக்காரன், அந்தக் கைதான். சுண்டல் செலவு என்னோடது. வேணும்னா அடுத்த மாசம் நீங்க போடுங்க. ஆட்டத்துலேர்ந்து ஒரு பைசா எடுக்காதீங்க. ரம்மி முடிஞ்ச அசதியில "ஒரு ரவுண்டு மூணு சீட்டு"ன்னு எவனாவது ஆரம்பிச்சா, விளக்கை அணைச்சுட்டுப் படுங்க.

இப்ப மூக்கைப் பொத்தினவங்களுக்கான பத்தி. குறள்ல சூதுக்குன்னே 94-வது அதிகாரம் இருக்கு, தெரியும். தருமன் கதையும் தெரியும். ஆடாம இருக்கிறதுதான் உத்தமம், அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா நம்ம ஊர்ல துக்க வீட்டுல விடிய விடிய உட்கார்றவங்க கையில என்ன இருக்கு? கல்யாண மண்டபத்துல முதல் நாள் ராத்திரி மாமா, மச்சான் எல்லாம் வட்டம் போட்டு என்ன பண்றாங்க? ஆடத்தான் போறாங்க. ஆடுறவன் கிட்ட "ஆடாதே"ன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். "இதோட நிறுத்து"ன்னு சொல்ல ஒரு பொருளைக் கையில குடுக்கிறதுதான் உபயோகம். தருமனுக்கு அன்னிக்குச் சபையில 41 சில்லு மட்டும் எண்ணிக் குடுத்திருந்தா, தம்பிங்களையாவது கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

எங்க தீர்ப்பு என்னாச்சுன்னு கேக்குறீங்களா? சூட்கேஸ் நண்பர் முறைச்சுக்கிட்டே அதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டார். எண் போடாத முன்னூறு செட்டு ஒண்ணுக்கு ஆறு பேரும் பங்கு போட்டிருக்கோம். நோட்டுக் கட்சிக்காரர் மட்டும் இன்னும் சமாதானம் ஆகலை.

அந்தப் பழைய நோட்டு என் அலமாரியிலதான் இருக்கு. போன மாசம் அரியலூர் பஸ் ஸ்டாண்டுல அவனைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். டீக்கடைப் பக்கம் திரும்பிக்கிட்டான். கூப்பிட நாக்கு வரலை. கூப்பிட்டு என்ன சொல்றது? "நோட்டைக் கிழிச்சுட்டேன், வாடா"ன்னா? கிழிக்கலையே. அதுல முதல் பக்கத்துல எல்லார் பேரையும் அவன்தான் எழுதினான். அழகான கையெழுத்து.

செட்டு வந்ததும் ஆறு பேருக்கு எண்ணி வெச்சுட்டு, பீரோவுல பூட்டச் சொன்னேன் பாருங்க, அந்த 24... அதை அவனுக்குன்னு வெச்சிருக்கேன். வந்தான்னா எங்க ஆறு பேர் கையிலேர்ந்தும் ஆளுக்கு மூணு போட்டா 42 ஆயிரும். கூட ஒரு சீட்டுக்கட்டு வேணும், அம்புட்டுத்தான்.

டிஸ்கி: "எந்தக் கடையில வாங்கினே?"ன்னு தனியா கேக்காதீங்க. எந்தக் கடையிலயும் கிடைக்கும். எண்ணி வாங்குங்க, எண்ணி வையுங்க.