"ஒரு துண்டுதானே" என்று சொல்லாதீர்கள்!

"ஆசையாக ஒரு சப்பாத்தி கொடுத்தால் அது ஒரு குற்றமா?" என்று கேட்கும் பெரியவர்களுக்காகவும், அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் விழிக்கும் தாய்மார்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சில குழந்தைகளுக்கு அது குற்றம்தான், சகோதரிகளே!

எங்களுடையது கூட்டுக் குடும்பம். என் கொழுந்தனார் மகளுக்கு இப்போது எட்டு வயது. ஆறு வயதிலேயே பிள்ளைக்கு வளர்த்தி நின்றுவிட்டது. வயிறு மட்டும் உப்பி இருக்கும். கை, கால் எல்லாம் குச்சி. அடிக்கடி வயிற்றுப்போக்கு. ரத்தமும் குறைவு. பூச்சி மாத்திரை, சத்து டானிக், மந்திரிப்பு என்று பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து, பிறகு குடலில் இருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்து, இது "சீலியாக்" என்ற நோய் என்றார்.

கோதுமையிலும் பார்லியிலும் "குளூட்டன்" என்று ஒரு புரதம் இருக்கிறது. மாவைப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். இந்த நோய் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனால், சத்தை உறிஞ்ச வேண்டிய குடலின் உட்புறம் புண்பட்டு, மழுங்கிப் போகிறது. அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. இதைக் குணமாக்க மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் அந்தத் தானியங்களை விலக்குவதுதான் மருந்து.

இது இன்று நேற்று வந்த கதையும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், ஹாலந்து நாட்டில் கடும் பஞ்சம். கோதுமை ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரே பசியில் வாடும்போது, இந்த நோய் இருந்த குழந்தைகள் மட்டும் தேறி வந்தார்களாம். ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மறுபடியும் படுத்துவிட்டார்கள். டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இதையும் கவனித்து, கோதுமையே காரணம் என்று உலகத்துக்குச் சொன்னார். நம் நாட்டில் கோதுமை அதிகம் சாப்பிடும் வடக்கே இந்த நோய் கூடுதல், தெற்கே மிகக் குறைவு. அதனால்தான் நம் பக்கம் சட்டென்று யாருக்கும் பிடிபடுவதில்லை.

நோயைக் கண்டுபிடித்ததோடு கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், "உலகத்துல இல்லாத நோவா இருக்கே! ஒரு துண்டு தின்னா உசுரா போயிரும்?" என்றார். உயிர் அப்போதே போகாது. அதுதான் இதில் உள்ள ஆபத்து! வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே குடல் கெடும்.

உறவுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், என் ஓரகத்தியிடம், "உங்க வழியிலதான் வந்திருக்கும்" என்றார்கள். "பொம்பளப் புள்ள... வெளிய சொல்லிராத. நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்ல?" என்று வேறு புத்தி சொன்னார்கள். இந்த நோய்க்கான வாகு தாய் வழியிலும் வரலாம், தகப்பன் வழியிலும் வரலாம். அதற்கு மருமகளைக் குறை சொல்வது என்ன நியாயம்? சாப்பாட்டில் கவனமாக இருந்தால் இந்தப் பிள்ளையும் எல்லாப் பெண்களையும் போல வளர்ந்து, படித்து, குடும்பம் நடத்தலாம். மறைத்துக் கட்டிக் கொடுத்தால்தான், புகுந்த வீட்டில் வாய் திறக்க முடியாமல் கோதுமையைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்வாள்.

நல்ல வேளையாக நாம் அரிசி சாப்பிடுகிறவர்கள். இட்லி, இடியாப்பம், அரிசிப் புட்டு, வெண்பொங்கல் எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் இப்போது சர்க்கரை நோய்க்காரர் இல்லாத வீடு எது? ராத்திரியானால் பாதி வீடுகளில் சப்பாத்திதான். நாங்கள் எல்லோரும் சப்பாத்தி சாப்பிட, அவள் மட்டும் இட்லித் தட்டோடு தனியாக உட்காருவாள். "எனக்கு மட்டும் ஏன் பெரியம்மா?" என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "குளூட்டன் இல்லாதது" என்று பெரிய கடைகளில் விற்கும் மாவோ, சாதாரண மாவைவிடப் பல மடங்கு விலை. மாதா மாதம் எத்தனை பாக்கெட் வாங்க முடியும்?

என் கருத்து இதுதான். அந்தப் பிள்ளைக்குத் தனி ரொட்டி சுடாமல், அவள் சாப்பிடக்கூடிய ரொட்டியையே வீடு முழுக்கச் சாப்பிட வேண்டும். அதற்கு நம் மண்ணில் விளையும் மக்காச்சோளமே போதும். திண்டுக்கல், விருதுநகர், பெரம்பலூர் பக்கமெல்லாம் விளைந்து, பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிற அதே மக்காச்சோளம்தான்!

மெக்சிகோ நாட்டில் "டோர்ட்டியா" என்ற மக்காச்சோள ரொட்டிதான் அன்றாடச் சாப்பாடு. அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத்தான் அரைக்கிறார்கள். இதனால் தோல் கழன்று, மாவு விண்டு போகாமல் சேர்ந்து வரும். சோளத்தில் அடைபட்டுக் கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினும் உடம்புக்குக் கிடைக்கும். இந்தப் பக்குவம் தெரியாமல் வெறும் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலியிலும், அமெரிக்காவின் தென் பகுதியிலும் ஏழை ஜனங்களுக்குப் "பெல்லாக்ரா" என்ற நோய் வந்து ஏராளமானோர் இறந்திருக்கிறார்கள். சோழவந்தான் வெற்றிலைக்குப் பக்கத்து ஊர்க்காரிகளான நமக்குச் சுண்ணாம்பு என்ன புதுசா?

செய்முறை சுலபம். அரை கிலோ காய்ந்த மக்காச்சோளத்தைக் கழுவிக்கொள்ளுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, அதில் சோளத்தைப் போட்டு முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். அலுமினியம் சுண்ணாம்புக்கு ஆகாது. அப்படியே ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நாலைந்து தடவை நன்றாகக் கசக்கிக் கழுவினால் தோல் போய்விடும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைத்து, உப்புப் போட்டுப் பிசையுங்கள். மாவு இளகிவிட்டால் கொஞ்சம் அரிசி மாவு சேர்க்கலாம். கட்டையால் தேய்த்தால் வராது. எலுமிச்சை அளவு உருண்டையை இரண்டு வாழையிலைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, தட்டால் அமுக்குங்கள். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் இரண்டு பக்கமும் சுட்டு, துணியில் சுற்றி வையுங்கள். மிருதுவாகவே இருக்கும். தக்காளித் தொக்கோ, கத்தரிக்காய்க் கொத்சுவோ தொட்டுக்கொள்ளலாம்.

இதற்கு நேரமில்லாதவர்கள், வெள்ளைச் சோள மாவில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து ரொட்டி தட்டலாம். அதிலும் குளூட்டன் கிடையாது. சோளக் களி தின்று வளர்ந்த எங்கள் அத்தை, நோயை இன்னும் முழுசாக நம்பவில்லை. ஆனால் ரொட்டி தட்டுவதில் அவர் கைக்கு ஈடில்லை!

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். கடையில் "கார்ன் ஃப்ளோர்" என்று கேட்டால், சூப்புக்குப் போடும் வெள்ளை ஸ்டார்ச்சைக் கொடுப்பார்கள். அதில் ரொட்டி வராது. மருந்து கலந்த விதைச் சோளத்தையும், பூஞ்சை பிடித்த தீவனச் சோளத்தையும் தொடவே தொடாதீர்கள். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கூடாது. சோளமோ அரிசியோ, கோதுமை அரைத்த மில்லிலேயே அரைத்தால் அந்த மாவு ஒட்டிக்கொள்ளும். தனியாக அரைப்பதுதான் நல்லது. ரவை, மைதா, சேமியா எல்லாம் பெரும்பாலும் கோதுமைதான். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு. டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஓட்டலில் "தோசைதானே" என்று வாங்கிக் கொடுப்போம். நம் மதுரையில் பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் ஊற்றுவார்கள்!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இப்போது "கோதுமையை விட்டால் உடம்பு இளைக்கும்" என்று சிலர் நாகரிகமாகச் செய்கிறார்கள். நோய் இல்லாதவர்கள் குளூட்டனுக்குப் பயப்படத் தேவையில்லை. சந்தேகம் இருந்தாலும், பரிசோதனை செய்யும் முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போய்விடும். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

பெரியவர்களே, பிள்ளைக்குப் பாசத்தைக் காட்ட எத்தனையோ வழி இருக்கிறது. கடலை மிட்டாய் கொடுங்கள், கொய்யாப்பழம் கொடுங்கள். அம்மா வேண்டாம் என்று சொன்னதை, அம்மாவுக்குத் தெரியாமல் கொடுப்பது பாசம் இல்லை. தாய்மார்களே, "என் பிள்ளைக்கு இது ஆகாது" என்று விசேஷ வீட்டிலும், பள்ளிக்கூடத்திலும் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். நாலு பேர் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். நம் பிள்ளை நன்றாக வளர்ந்தால் போதாதா?

- ஒரு வாசகி, சமயநல்லூர்.