பி.டி.எம். போனோம், கையெழுத்து போட்டோம், வந்தோம்

போன சனிக்கிழமை பையன் ஸ்கூல்ல பி.டி.எம். காலைல ஒன்பதரைக்கு எங்க முறை. ஒரு பெற்றோருக்கு அஞ்சு நிமிஷம். கிளாஸுக்கு வெளிய நாற்காலி போட்டு வரிசையா உக்கார வெச்சிருந்தாங்க, பல் டாக்டர் கிளினிக் மாதிரி. உள்ள போனா மேடம் விடைத்தாளை எடுத்து நீட்டினாங்க. "மேத்ஸ் ஓக்கே, ஹேண்ட்ரைட்டிங் இன்னும் நல்லா வரணும், கிளாஸ்ல பேசறான்." நான் தலையாட்டினேன். தங்கமணியும் தலையாட்டினாங்க. ரெஜிஸ்டர்ல கையெழுத்து. அடுத்த ஆள்.

வாசல்ல ஒரு பெரிய பேனர். "பெற்றோர்களே எங்கள் பங்காளிகள்" அப்படின்னு இங்கிலீஷ்ல. நம்மூர்ல பங்காளின்னா என்ன அர்த்தம்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அந்த பேனரை வெச்சிருக்க மாட்டாங்க :-)

டில்லிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. மயூர் விஹார்ல குடியிருக்கோம். பையன் நாலாங்கிளாஸ், தனியார் ஸ்கூல். ஃபீஸ் எவ்வளவுன்னு கேக்காதீங்க, ஊர்ல எங்கப்பா கேட்டுட்டு ரெண்டு நாள் என்கிட்ட பேசலை.

வீட்டுக்கு வந்ததும், வேலைக்கு வர்ற அம்மா, "பி.டி.எம்.ல என்ன சார் சொன்னாங்க?"ன்னு கேட்டாங்க. விழுப்புரம் பக்கம் ஊரு. திரிலோக்புரில இருக்காங்க. பொண்ணு கவர்ன்மென்ட் ஸ்கூல்ல எட்டாவது. "கையெழுத்து சரியில்லையாம்"னு சொன்னேன். "நீங்க என்ன சார் சொன்னீங்க?"ன்னாங்க. நான் என்னத்த சொன்னேன்? ஒண்ணும் சொல்லலை.

அப்புறம் அவங்க கதையைச் சொன்னாங்க. அவங்க அந்த ஸ்கூலோட எஸ்.எம்.சி. மெம்பராம்! தமிழ்ல பள்ளி மேலாண்மைக் குழு. ரெண்டு வருஷமா இவங்க எங்க வீட்டுக்கு வர்றாங்க, எனக்கு இது தெரியாது.

டில்லில நிறைய கவர்ன்மென்ட் ஸ்கூல் ரெண்டு ஷிஃப்ட்ல நடக்கும். காலைல பொண்ணுங்க, மத்தியானம் பசங்க, ஒரே கட்டடம். ஷிஃப்ட் மாறும்போது கேட்டுல ஒரே கூட்டம். வெளிப்பசங்க வந்து நின்னு பொண்ணுங்களைக் கிண்டல் பண்றது, கையைப் புடிக்கறது எல்லாம் நடந்திருக்கு. இந்தம்மாவும் இன்னும் நாலஞ்சு அம்மாக்களும் மீட்டிங்ல இதை எழுப்பினாங்களாம். முறை வெச்சுக்கிட்டு தினம் ரெண்டு பேர் கேட்டுல நிக்க ஆரம்பிச்சாங்க. அடுத்த மீட்டிங்ல பாத்ரூம் தாழ்ப்பாள். அதுக்கும் அடுத்ததுல, "பணம் வந்துச்சுன்னு சொன்னீங்களே, எதுக்குச் செலவு பண்ணீங்க, சொல்லுங்க"ன்னு கேட்டாங்களாம். இவங்களுக்கு ஹிந்தி பேச வரும், படிக்க வராது. பொண்ணு படிச்சுச் சொல்லும்.

"மொதல்ல பிரின்சிபல் மேடம் மொறைச்சாங்க சார். இப்ப டீ குடுக்கறாங்க."

எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னு சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, பையன் ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்போ, ஸ்கூல் பஸ் அவனை ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறக்கி விட்டுடுச்சு. அன்னிக்கு புது அட்டெண்டண்ட். நாப்பது நிமிஷம் பையன் எங்கன்னு எங்களுக்குத் தெரியாது. தங்கமணி ஸ்டாப்ல நிக்கறாங்க, நான் ஆபீஸ்ல இருந்து டாக்ஸில வந்துக்கிட்டு இருக்கேன், ஸ்கூல் ஃபோனை யாரும் எடுக்கலை. கடைசில ஒரு மருந்துக் கடைக்காரர் அவன் ஐடி கார்டைப் பார்த்து ஃபோன் பண்ணினார். பையன் அங்க ஸ்டூல்ல உக்காந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். அந்த நாப்பது நிமிஷத்தை இன்னிக்கும் நினைச்சா வயத்தைக் கலக்கும்.

மெயில் போட்டேன். "உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம், பஸ் வெளி கான்ட்ராக்டருடையது"ன்னு பதில் வந்துச்சு. பெற்றோர் வாட்ஸப் குரூப்ல எழுதலாம்னு டைப் பண்ணினேன். அதுக்குள்ள ஒரு நண்பர் தனியா மெசேஜ் அனுப்பினார். "விடுங்க பாஸ், பையனை டார்கெட் பண்ணுவாங்க." டைப் பண்ணினதை அழிச்சுட்டேன். அடுத்த வாரம் அதே பஸ், அதே கான்ட்ராக்டர். நான் செஞ்சது, பையனை பஸ்ல இருந்து நிறுத்தி காசு குடுத்து வேன் வெச்சது மட்டும்தான். என் பையனுக்குத் தீர்வு கிடைச்சுது. மத்த முப்பது குழந்தைங்க அதே பஸ்லதான் போச்சு.

எம்.பி.ஏ. படிச்சவன் வாயை மூடிக்கிட்டேன். நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கற அம்மா கணக்கு கேட்டாங்க. இது தைரியம் பத்தின கதை மட்டும் இல்லைங்க. அவங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கு, எனக்கு இல்லை. அதான் விஷயம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009ல வந்து, 2010 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைல இருக்கு. அதுல 21ஆவது பிரிவு இந்த எஸ்.எம்.சி.யைப் பத்தினது. நாலுல மூணு பங்கு உறுப்பினர்கள் பெற்றோரா இருக்கணும். மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள். பள்ளி ஒழுங்கா நடக்குதான்னு பார்க்கறது, மேம்பாட்டுத் திட்டம் போடறது, வர்ற மானியம் எப்படிச் செலவாகுதுன்னு கண்காணிக்கறது எல்லாம் அவங்க வேலை. ஆனா அதே பிரிவு, அரசு உதவி வாங்காத தனியார் பள்ளிகளுக்கு இது பொருந்தாதுன்னும் சொல்லுது. அதாவது லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டறவனுக்கு உரிமை கம்மி. காமெடியா இல்ல?

கவர்ன்மென்ட் ஸ்கூல் எல்லாம் சொர்க்கம்னு நான் சொல்ல வரலை. நாட்டுல பாதி இடத்துல எஸ்.எம்.சி.ன்னா ரெஜிஸ்டர்ல கைநாட்டு வாங்கறதோட சரி. தினக்கூலிக்குப் போறவங்க மீட்டிங்குக்கு வந்தா அன்னிக்குச் சம்பளம் போச்சு. டில்லில 2016 ஜூலை 30ஆம் தேதி எல்லா அரசுப் பள்ளிலயும் ஒரே நாள்ல மெகா பி.டி.எம். நடத்தினப்போ, "இதெல்லாம் விளம்பரம்"னு நானே ஆபீஸ்ல பேசியிருக்கேன். விளம்பரம் இருந்திருக்கலாம். ஆனா அதுவரைக்கும் ஸ்கூல் கேட்டைத் தாண்டியே போகாத அப்பா அம்மா பல பேர் அன்னிக்கு உள்ள போனாங்க. ஒரு தடவை உள்ள போனவங்களுக்கு அடுத்த தடவை கேள்வி கேக்கத் தோணும். வாய்ப்பைக் கட்சிக்காரன் குடுத்தானா அதிகாரி குடுத்தானாங்கறது ரெண்டாவது விஷயம்.

"பெற்றோரை உள்ள விட்டா டீச்சருக்கு வேலை செய்ய முடியாது, அரை மார்க்குக்குச் சண்டைக்கு வருவாங்க"ன்னு ஒரு வாதம் இருக்கு. நியாயமான வாதம். நானே பார்த்திருக்கேன், அந்த வரிசைல எனக்கு முன்னாடி நின்னவர் ஒரு ஸ்பெல்லிங்குக்காக பத்து நிமிஷம் கத்தினார். ஆனா அவர் ஏன் அரை மார்க்குக்குக் கத்தறார்? பேசறதுக்கு அவருக்குக் குடுத்த விஷயம் அது ஒண்ணுதான். பஸ், பாத்ரூம், ஃபீஸ், தீயணைப்புக் கருவி இதையெல்லாம் பேச இடம் குடுத்தா மார்க்கை டீச்சர்கிட்ட விட்டுடுவார்.

தீயணைப்புன்னு சொன்னதும் நம்ம யாருக்கும் கும்பகோணம் ஞாபகம் வராம இருக்காது. 2004 ஜூலை 16. கூரைக் கொட்டகை, 94 குழந்தைங்க. அந்தத் தீயை வெச்சு வந்த வழக்குலதான், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமைல ஒரு பகுதின்னு 2009 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அப்புறம் 2017 செப்டம்பர்ல இங்க பக்கத்துல குருகிராம்ல ஏழு வயசுப் பையன் ஸ்கூல்லயே கொல்லப்பட்டான். உடனே சி.பி.எஸ்.இ. சர்க்குலர் போட்டுச்சு. கேமரா, ஊழியர்களுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன், கூடவே பெற்றோர், ஆசிரியர், மாணவர் சேர்ந்த ஒரு பாதுகாப்புக் குழு. எங்க ஸ்கூல்ல கேமரா வந்துடுச்சு, காசு குடுத்து வாங்கக்கூடிய விஷயமாச்சே. குழு வந்துச்சான்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியலை.

ஒரு சாவு, ஒரு சர்க்குலர். நடுவுல பெற்றோர் வெறும் கஸ்டமர்.

இதை எழுதறதுக்காகத் தேடினப்போ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. டில்லி பள்ளிக் கல்வி விதிகள், 1973. அதுப்படி தனியார் பள்ளியோட மேனேஜிங் கமிட்டில, பெற்றோர் ஆசிரியர் சங்கம் தேர்ந்தெடுத்த ஒரு பெற்றோர் இருந்தே ஆகணும். ஒரே ஒருத்தர்தான். ஆனாலும் ஒரு நாற்காலி! எங்க ஸ்கூல்ல அது யாருன்னு வாட்ஸப் குரூப்ல கேட்டேன். இந்தத் தடவை அழிக்கலை, அனுப்பிட்டேன். இருநூறு பேர் இருக்கற குரூப். மூணு பேர் கட்டைவிரல் தூக்கினாங்க. பதில் யாருக்கும் தெரியலை. திங்கட்கிழமை ஸ்கூலுக்கு எழுத்துல கேட்டிருக்கேன். அந்தப் பெற்றோர் யாரு, எப்போ எந்தத் தேர்தல்ல வந்தாங்க, பஸ் கான்ட்ராக்ட் பேப்பரை அவங்க பார்த்திருக்காங்களா. மூணே கேள்வி.

தங்கமணிக்குக் கொஞ்சம் பயம்தான். பையனை ஏதாவது சொல்லிட்டாங்கன்னா? எனக்கும் இருக்கு. ஆனா திரிலோக்புரி அம்மாவுக்கும் பொண்ணு அதே ஸ்கூல்லதானே படிக்குது?

கடிதத்தை அனுப்பறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, "தனியா போகாதீங்க சார், நாலு பேரைக் கூட்டிட்டுப் போங்க. ஒருத்தரா போனா மொறைப்பாங்க"ன்னாங்க.

குரூப்ல கட்டைவிரல் தூக்கின மூணு பேருக்கும் ஃபோன் பண்ணணும். நீங்களும் உங்க பிள்ளைங்க ஸ்கூல் கமிட்டில யார் இருக்காங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.