ஓடுதளம் எங்கும் போய்விடாது

2025 நவம்பர் 14 அன்று, செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே இந்திய விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. பிலாட்டஸ் பிசி-7 வகையைச் சேர்ந்த அவ்விமானம் வழக்கமான பயிற்சிப் பறப்பில் இருந்தது. விமானி உரிய நேரத்தில் இருக்கையோடு வெளியேறி, பாரசூட்டின் துணையால் உயிர் தப்பினார். இத்தகைய செய்தியைப் படித்ததும் நம்மில் பலருக்குள் எழும் முதற்கேள்வி, "இயந்திரத்தைக் கைவிட்டுவிட்டா குதித்தார்?" என்பதுதான். விமானவியலில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. வெளியேற வேண்டிய கணத்தை அறிந்து வெளியேறுதல் அங்கே தப்பியோட்டம் ஆகாது. கற்றுத் தேர்ந்த கடமை அது.

பின்வாங்குதலை இழுக்காகக் கருதாத ஒரு கல்விமுறை நம் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருக்கிறது. தரையில் வகுப்பெடுக்கும் நாம் அதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நமது மரபின் ஒரு கூறு இதற்கு நேரெதிரானது. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்து முதுகிலும் புண் செய்தது. முகத்துக்கு முகம் நின்று பெற்ற புண்தான். ஆயினும் முதுகில் தோன்றிவிட்டதே என்று நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான். வென்ற கரிகாலனிடமே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்டார் வெண்ணிக் குயத்தியார். தோற்றவனைப் போற்றிய அந்தப் புலமைத் துணிவு பெரிது. எனினும் அந்நிகழ்வு நம் மனத்தில் விட்டுச்சென்ற படிவு வேறு: முதுகு காட்டியவனுக்கு வாழ்வில்லை. இன்று தேர்வில் தவறிய மாணவன் வீட்டுக்குள் முகம் மறைத்துக்கொள்ளும்போது, அந்தப் பழைய நாணத்தின் நிழல்தான் அவன்மேல் விழுகிறது என்று தோன்றுகிறது.

இனித் தனிவிமானி உரிமத்துக்கான பயிற்சியைப் பார்ப்போம். இந்தியாவில் அதற்குப் பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும்; பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும்; மருத்துவத் தகுதி வேண்டும்; எழுத்துத் தேர்வில் 70 விழுக்காடு பெற வேண்டும். பறப்பு நேரம் குறைந்தது 40 மணி. அதில் ஒரு பகுதி, பக்கத்து இருக்கையில் எவருமின்றித் தனியே பறந்ததாக இருத்தல் வேண்டும். நாற்பது என்பது கீழெல்லை மட்டுமே. உலகெங்கும் பெரும்பாலோர் அதற்கு மேல்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

மேலெழுவது எளிது, தரையிறங்குவதே சிரமம் என்று பயின்றவர்கள் சொல்வார்கள். ஓடுதளத்தைச் சுற்றிச் செவ்வக வடிவில் பறந்து, இறங்கித் தொட்டு, மீண்டும் எழும் பயிற்சியைச் சர்க்யூட் என்கிறார்கள். ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்கள்தாம். அதன் கடைசிச் சில விநாடிகளில், மூக்கைச் சற்றே உயர்த்தி, வேகத்தைக் கரையவிட்டு, சக்கரங்களைத் தரையில் மெல்ல வைக்க வேண்டும். பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். கண்ணை மிக அருகில் பதித்தால் உயரம் பிடிபடாது. சற்று அதிகமாக இழுத்தால் விமானம் மறுபடி மிதக்கும். தாமதமானால் தரையில் மோதித் துள்ளும். பத்து முறை, இருபது முறை செய்தும் கைவராத நாட்கள் வரும். நேற்று வந்தது இன்று வராமலும் போகும். அந்நாட்களில்தான், இது நமக்கானதன்று என்ற எண்ணம் தலைதூக்குகிறது.

அவ்வேளையில் பயிற்சி என்ன சொல்கிறது? "எப்படியாவது இறக்கிவிடு" என்று சொல்வதில்லை. இறக்கம் ஒழுங்காக அமையவில்லையெனில், விசையை முழுதும் கொடுத்து மேலெழுந்து, மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வா என்கிறது. இதற்குக் கோ-அரவுண்ட் என்று பெயர். இது தண்டனையன்று, தனியே கற்பிக்கப்படும் பாடம். இதைச் செய்யத் தெரியாதவரைத் தனியே பறக்க விடமாட்டார்கள். ஓடுதளம் எங்கும் போய்விடாது. அடுத்த சுற்றிலும் அது அங்கேயேதான் இருக்கும் என்ற எளிய உண்மையை உடம்பில் ஏற்றுவதுதான் அந்தப் பாடம். பருவகாலத்தில் வேடந்தாங்கலுக்குச் சென்று கூழைக்கடாக்களைச் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. கிளை வாகாக அமையாத பறவை சிறகடித்து மேலெழுந்து மீண்டும் வட்டமிட்டு வருகிறது. அதற்கு நாணம் ஏதுமில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வானூர்தி மிதக்கும் ஆற்றலை இழந்து சரியும் நிலையை ஸ்டால் என்பர். போதிய உயரத்தில், ஆசிரியர் உடனிருக்க, அந்நிலையை வேண்டுமென்றே வரவழைத்து அதிலிருந்து மீளக் கற்றுத்தருகிறார்கள். தோல்வியைத் தவிர்க்கச் சொல்வதோடு நில்லாமல், தோல்வியின் முதல் அறிகுறியைக் கைகளால் உணரச் செய்கிறார்கள்.

நம் பகுதியின் இயற்கையும் ஓர் ஆசிரியர்தான். கோடையில் காலை வேளையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, நண்பகலை ஒட்டிக் கடற்காற்றாகிக் கிழக்கிலிருந்து புகும். எதிர்காற்றில் இறங்குவதே முறை என்பதால், காலையில் கற்ற திசை மாலையில் செல்லாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாட்கணக்கில் பயிற்சி தடைப்படும்; பழகிய கை மறந்துபோகும். மழை விட்டபின் இரண்டு படி கீழிறங்கித் தொடங்க வேண்டியிருக்கும். இதில் எவருடைய குற்றமும் இல்லை.

வழி தவறுவதற்கும் பாடம் உண்டு. செங்கல்பட்டின் மேல் தனியே பறக்கும் ஒரு மாணவர் திசை தடுமாறினார் என்று வைத்துக்கொள்வோம். ஐயுற்ற வழியில் பிடிவாதமாகச் செல்லாமல், ஐயத்துக்கிடமற்ற ஓர் அடையாளத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதே பாடம். இங்கே அந்த அடையாளம் கடற்கரை. கிழக்கே சென்றால் அது தப்பாது. கரைக்கு இணையாக ஓடும் பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காட்டுக் கழிமுகம், மாமல்லபுரத்துப் பாறைக்குன்றின் மேல் நிற்கும் கலங்கரை விளக்கம், தெற்கே பாலாற்றின் முகத்துவாரம் என்று ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை அண்டக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாணாற்றுப்படை பாடும் நீர்ப்பெயற்றுத் துறையை மாமல்லபுரத்தோடு இணைத்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. கடலில் வருவோரை இரவில் அழைக்கும் விளக்கைப் பற்றி அந்நூல் பேசுகிறது. திசை மயங்கியவன் திரும்பிவர ஓர் ஒளியை ஏற்றி வைப்பது அரசின் அறம் என்று கருதிய சமூகம் நம்முடையது.

இந்தியப் பறப்பு வரலாற்றின் தொடக்கத்திலேயே இதற்கொரு சான்று கிடைக்கிறது. 1929இல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா. அடுத்த ஆண்டு, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒரு மாதத்துக்குள் தனியே பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்த பரிசுக்காக மூவர் போட்டியிட்டனர். அவர்களுள் மன்மோகன் சிங்குக்கு இருமுறை புறப்பட்டும் திரும்ப நேர்ந்தது. மூன்றாம் முறை கராச்சியை அடைந்தார். ஆனால் கெடு கடந்திருந்தது. எதிரெதிர்த் திசையில் பறந்த டாட்டாவும் அஸ்பி எஞ்சினியரும் எகிப்தின் அபூகீரில் சந்தித்தனர். ஸ்பார்க் பிளக் இன்றித் தவித்த போட்டியாளருக்குத் தம்மிடமிருந்ததைக் கொடுத்தார் டாட்டா. சில மணி நேர வேறுபாட்டில் பரிசு எஞ்சினியருக்குப் போயிற்று. பிற்காலத்தில் அவர் இந்திய விமானப்படைக்குத் தலைமையேற்றார். அந்த மூவரில் எவரைத் தோற்றவர் என்று நாம் சொல்ல முடியும்?

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் உள்ள பயிற்சியாசிரியர் பள்ளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1948இல் அம்பாலாவில் தொடங்கி 1954இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது அது. நன்கு பறக்கத் தெரிந்த விமானிகளே அங்கே மாணவர்கள். பறக்கக் கற்பிப்பது எப்படி என்பதே பாடம். திறமையுள்ளவர் அனைவரும் தாமாகவே ஆசிரியராகிவிட மாட்டார் என்ற தெளிவின்மேல் எழுந்த நிறுவனம் அது. கை இயங்கும்போதே வாய் அதை விளக்க வேண்டும். மாணவரின் பிழையை எவ்வளவு தூரம் வளரவிடலாம், எந்தக் கணத்தில் கைப்பிடியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைக் கற்க வேண்டும். சீக்கிரம் வாங்கிக்கொண்டால் மாணவர் கற்கமாட்டார். தாமதித்தால் இருவரும் இருக்கமாட்டார்கள்.

கல்லூரி ஆசிரியர்களாகிய எங்களிடம் இப்படி எதுவும் கேட்கப்படுவதில்லை. பள்ளியில் கற்பிக்கப் பி.எட். வேண்டும், கல்லூரியில் கற்பிக்க அது வேண்டியதில்லை. நெட், செட் தேர்வுகளும் முனைவர் பட்டமும் பொருளறிவைச் சோதிக்கின்றன. பிழை செய்யும் மாணவரின் அருகில் எப்படி அமர்ந்திருப்பது என்பதைச் சோதிப்பதில்லை.

ஆனால் எல்லாப் பின்னடைவையும் மாணவரின் தோளில் ஏற்றிவிடுவதும் நேர்மையன்று. தன்னம்பிக்கை நூல்கள் செய்யும் பெரும்பிழை இதுவே. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு வானொலி உரையாடல் ஆங்கிலம் ஒரு மலை. பன்னாட்டு விதிமுறையின் ஆறு நிலைகளில் நான்காம் நிலை போதும் என்பதும், தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம், புரிதலுக்குப் பெரும்பாலும் இடையூறு செய்யாதிருந்தால் சரி என்று அந்நிலையின் இலக்கணமே கூறுவதும் அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டும். வெள்ளைக்காரர் போல் பேச வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. பணத் தடையோ இன்னும் கொடியது. மணிக்குப் பல ஆயிரம் கேட்கும் பயிற்சியில் மேலும் ஒரு சுற்றுச் சுற்றுவதே சிலருக்கு ஆடம்பரம்.

கேரளத்தின் ஆடம் ஹாரி நினைவுக்கு வருகிறார். தென்னாப்பிரிக்காவில் தனிவிமானி உரிமம் பெற்ற திருநம்பி அவர். குடும்ப ஆதரவை இழந்தபின் கேரள அரசு அவரது மேற்பயிற்சிக்கு உதவ முன்வந்தது. ஆனால் இங்கே மருத்துவத் தகுதிச் சான்று மறுக்கப்பட்டது. ஹார்மோன் சிகிச்சை தடையாகச் சுட்டப்பட்டது. அவரிடம் விடாமுயற்சிக்குக் குறைவில்லை. மாற வேண்டியிருந்தது விதி. 2022 ஆகஸ்டில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் திருநர் விமானிகளுக்கான மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தனிமனிதர் கடக்க வேண்டிய தடை எது, சமூகம் அகற்ற வேண்டிய தடை எது என்று பிரித்தறியாமல் "முயன்றால் முடியும்" என்பது இரக்கமற்ற வாசகம்.

கல்லூரிக்குத் திரும்புவோம். நம் மதிப்பெண் பட்டியலில் தவறிய பாடத்துக்கு எதிரே ஆர்.ஏ. என்று அச்சிடுகிறார்கள். மீண்டும் தேர்வெழுத வருக என்பதே அதன் பொருள். ஏட்டளவில் அது கனிவான சொல்தான். நடைமுறையிலோ அதன் பெயர் அரியர். வளாக நேர்காணலுக்கு வரும் சில நிறுவனங்கள், நிலுவை மட்டுமல்ல, அரியர் வரலாறே இருக்கக் கூடாது என்கின்றன. விமானியின் பதிவேடு இதற்கு நேர்மாறு. தரையில் துள்ளிய நாளும், இறங்காமல் மேலெழுந்த நாளும் அதில் நேரமாகப் பதிவாகின்றன. தடுமாறிய அந்த நேரமும் நாற்பது மணிக் கணக்கில் சேர்கிறது. தடுமாறியதையும் கற்றலின் பகுதியாகக் கூட்டும் கணக்கு ஒன்று; அதைக் கழிக்கும் கணக்கு மற்றொன்று. நம் பிள்ளைகளை எந்தக் கணக்கில் வளர்க்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

இப்படியெல்லாம் இடம்கொடுத்தால் உறுதி குலைந்துவிடாதா, தரம் தாழ்ந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. விமானப் பயிற்சியில் தரம் ஓரணுவும் தாழ்வதில்லை என்பதே விடை. தகுதி வரும்வரை உரிமம் கிடையாது. ஆசிரியர் நிறைவடையும்வரை தனிப்பறப்பும் கிடையாது. தரத்தில் கண்டிப்பு, காலத்தில் நெகிழ்வு என்பது அங்குள்ள முறை. நம் கல்லூரிகளிலோ பெரும்பாலும் காலத்தில் கண்டிப்பு, தரத்தில் நெகிழ்வு.

சேரமானின் நாணத்தை மட்டுமே நம் மரபு என்று கொள்ள வேண்டியதில்லை. காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் ஓர் ஆட்டுக்கடாவைக் காட்டுகிறார். மோதுவதற்காகப் பின்னே கால் வாங்கும் கடா அது. ஊக்கமுடையவனின் ஒடுக்கத்துக்கு அதையே உவமையாக்குகிறார். அச்சத்தால் பின்வாங்குவதும் ஆயத்தத்துக்காகப் பின்வாங்குவதும் ஒன்றல்ல என்ற நுட்பம் அதில் இருக்கிறது. வகுப்பறையில் அந்தக் குறளுக்குப் பொருள் சொல்லி முடித்துவிடுகிறோம். அடுத்த பருவத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில், பட்டியலைப் பார்த்து ஒதுங்கி நிற்கும் மாணவர்களிடம் சென்று அதே பொருளை இன்னொரு முறை சொல்லிப் பார்க்கலாம்.