குர்ஆனுக்குத் தொலைநோக்கியின் சான்றிதழ் எதற்கு?



பெருவெடிப்பை அல்குர்ஆன் அன்றே அறிவித்துவிட்டது எனும் காணொளிகள் நம் அலைபேசிகளுக்கு வாரந்தவறாமல் வருகின்றன. நாமும் ‘மாஷா அல்லாஹ்’ என்றெழுதி அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். அத்தகைய ஒன்றைப் பார்த்த மாணவர் ஒருவர் மத்ரஸாவில் நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத், நாளை விஞ்ஞானிகள் அந்தக் கோட்பாட்டை மாற்றிவிட்டால் ஆயத்து பொய்யாகிவிடுமா?” அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் இந்த ஐயத்தை விதைத்தது நாத்திகர் எவருமல்லர், நாம்தாம்.

அல்அன்பியா அத்தியாயத்தின் 30ஆம் வசனம், இணைந்திருந்த வானங்களும் பூமியும் பிரிக்கப்பட்டதைப் பேசுகிறது. மழை பொழியாதிருந்த வானத்தையும் பயிர் முளைக்காதிருந்த பூமியையும் அல்லாஹ் திறந்தான் என்பது தபரீ, இப்னு கஸீர் ஆகியோரின் தஃப்ஸீர்களில் உள்ள விளக்கங்களுள் ஒன்று. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இருபதாம் நூற்றாண்டுக் கோட்பாடு ஒன்றே இதன் பொருள் என அடித்துச் சொல்லும் உரிமையை நமக்குத் தந்தவர் யார்?

அக்கோட்பாட்டின் வரலாற்றையேனும் நாம் அறிவோமா? ஈர்ப்பைப் பற்றிய புதிய கோட்பாட்டை 1915இல் தந்த ஐன்ஸ்டைன், பிரபஞ்சம் விரிவதுமில்லை, சுருங்குவதுமில்லை என்றே எண்ணினார். அதற்காக 1917இல் தம் சமன்பாட்டில் ஒரு மாறிலியையும் சேர்த்தார். அது விரிகிறது என்று 1927இல் லெமைத்ர் எழுதினார்; 1929இல் ஹபிளின் அவதானிப்பு அதற்கு வலுச் சேர்த்தது. 1948இல் ஹாயில், பாண்டி, கோல்டு மூவரும் பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்றனர். 1965இல் வெளியான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சின் கண்டுபிடிப்பு அக்கருத்தைத் தளர்த்தியது. இன்று பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கின்றனர். ஆயினும் தொடக்கக் கணத்தை நெருங்கும்போது ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் கைகொடுப்பதில்லை. திருத்திக்கொண்டே செல்வது அறிவியலின் இயல்பு; அதன் சிறப்பும் அதுவே. வஹீயின் இயல்பு அதுவன்று.

லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இக்கோட்பாடு படைப்பைப் பற்றிய சமய நம்பிக்கைக்குச் சான்று பகர்வதாகப் பேசியபோது அவர் மகிழவில்லை. தம் கோட்பாட்டைச் சமயத்தோடு பிணைக்கலாகாது என்பதே அவர் நிலை.

“இக்காணொளிகளால் சிலர் இஸ்லாத்தை நெருங்குகிறார்களே” என்பர் சிலர். ஏணியில் ஏறி வந்தவர், ஏணி சரிந்தால் எங்கே நிற்பார்?

நபிகளாரின் (ஸல்) அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அம்மரணத்திற்காகவே கிரகணம் பிடித்தது என மக்கள் பேசினர். மார்க்கத்துக்கு ஆதாயம் என்றெண்ணி அண்ணலார் மௌனம் காக்கவில்லை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று, துயரம் சூழ்ந்த அவ்வேளையிலும் திருத்தினார்கள். பொய்யான ஆதாரம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நமக்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது?

வானங்களின் படைப்பைச் சிந்திக்குமாறு குர்ஆன் நம்மை அழைக்கிறது. ஆகவே நம் பிள்ளைகள் வானியலை வானியலாகவே ஆழ்ந்து கற்கட்டும். குர்ஆனை நேர்வழியாக ஓதட்டும். அடுத்த காணொளி வரும்போது, அனுப்பும் விரலைச் சற்றே நிறுத்துவோம்.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! ஆமீன்.